இது பில் அல்ல

மெடிகேர் என்பது அமெரிக்காவில் முக்கியமாக முதியவர்களுக்கு அரசு தரும் மருத்துவக் காப்பீடு. அதிலிருந்து சில மாதங்களுக்கு ஒருமுறை வரும் கணக்குத்தாளில், முதல் பக்கத்திலேயே கொட்டை எழுத்தில் "இது பில் அல்ல" என்று அச்சடித்திருக்கும். கட்ட வேண்டியது எதுவும் இல்லையென்று தெரிந்ததும் அதை டிராயரில் போட்டுவிடுவேன். என் கணவர் மெடிகேரில் சேர்ந்து ஆறு வருடங்களில் ஒரு தாளைக்கூட நான் முழுதாகப் படித்ததில்லை.

2023 அக்டோபரில் படிக்க வேண்டியதாயிற்று. டாக்டர் செலவுகளில் மெடிகேர் 80 சதவீதம் தரும், மீதி 20 சதவீதத்துக்காக நாங்கள் தனியாக ஒரு சப்ளிமென்ட் காப்பீடு வைத்திருக்கிறோம். அந்த சப்ளிமென்ட் கம்பெனியிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. மூன்று மாதங்களாக, மாதத்துக்கு 200 கதீட்டர் வீதம் வாங்கியதற்குத் தங்கள் பங்கைக் கொடுத்துவிட்டதாக அதில் எழுதியிருந்தது. கதீட்டர் என்றால் சிறுநீர் போகாதவர்களுக்கு வைக்கும் குழாய். என் கணவருக்குச் சர்க்கரை உண்டு, பிரஷர் உண்டு. அந்தத் தொந்தரவு ஒரு நாளும் இருந்ததில்லை. வீட்டுக்கு அப்படி ஒரு பெட்டியும் வரவில்லை.

டிராயரைக் கவிழ்த்து மெடிகேர் தாளைத் தேடி எடுத்தேன். அதிலும் அதே வரிகள். ஒவ்வொரு மாதத்துக்கும் ஆயிரத்து ஐந்நூறு டாலருக்கு மேல் கேட்டிருந்தார்கள். எழுதிக்கொடுத்ததாக இருந்த டாக்டரின் பெயரை நாங்கள் கேள்விப்பட்டதே இல்லை. விற்ற கம்பெனியின் எண்ணுக்குப் போன் செய்தால் இணைப்பே இல்லை.

கணவரிடம் காட்டினேன். வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: "கோடையில ஒருத்தன் கூப்பிட்டான். மெடிகேர்ல எல்லாருக்கும் புது பிளாஸ்டிக் கார்டு தராங்க, பழைய நம்பரைச் சரிபார்க்கணும்னான். படிச்சுச் சொல்லிட்டேன்." அவர் முப்பது வருடம் இந்த நாட்டில் என்ஜினியராக இருந்தவர். ஏமாறக்கூடியவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். இதை எழுதுவதே அதற்காகத்தான். வீட்டில் யாருக்காவது இப்படி நேர்ந்தால் தயவுசெய்து திட்டாதீர்கள். திட்டினால் அடுத்த முறை நம்மிடம் சொல்லவே மாட்டார்கள்.

மறுநாள் மெடிகேரின் 1-800-633-4227 என்ற எண்ணுக்குக் கூப்பிட்டோம். மனைவி என்பதற்காக என்னிடம் விவரம் சொல்ல மாட்டார்கள். அவரே லைனில் வந்து பெயர், பிறந்த தேதி, கார்டு எண் எல்லாம் சொல்லி, "என் மனைவியிடம் பேசலாம்" என்று அனுமதி கொடுக்க வேண்டும். அவருக்குக் காது சரியாகக் கேட்காது, அதனால் ஸ்பீக்கரில் போட்டு நான் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். மூன்று வரிகளையும் தேதியோடு படித்துக் காட்டினேன். குறித்துக்கொண்டு, எண்ணையே மாற்றிப் புதுக் கார்டு அனுப்புவதாகச் சொன்னார்கள். சப்ளிமென்ட் கம்பெனியிடம் தனியாகப் புகார் சொன்னோம். இதை விட்டுவிடாதீர்கள், ஒரு இடத்தில் சொன்னது இன்னொரு இடத்துக்குத் தானாகப் போவதில்லை.

பிறகு சீனியர் மெடிகேர் பட்ரோலைக் கூப்பிட்டேன். மத்திய அரசின் பணத்தில் எல்லா மாநிலங்களிலும் இயங்கும் அமைப்பு இது, உதவுபவர்களில் பலர் தொண்டர்கள். எங்களுக்கு உதவிய பெண்மணி மூன்றே கேள்விகள் கேட்டார். பொருள் கைக்கு வந்ததா? உங்கள் டாக்டர் எழுதிக் கொடுத்தாரா? அந்த டாக்டரை ஒரு முறையாவது பார்த்திருக்கிறீர்களா? மூன்றுக்கும் இல்லை என்றதும் புகாரைத் தானே எழுதித் தந்தார். இவ்வளவு பொறுமையான ஒருவரோடு நான் போனில் பேசி ரொம்ப நாளாயிற்று.

கஷ்டமெல்லாம் புது எண் வந்த பிறகுதான். குடும்ப டாக்டர், கண் டாக்டர், இதய டாக்டர், லேப், மருந்துக்கடை, சப்ளிமென்ட் என்று ஆறு இடங்களில் மாற்ற வேண்டியிருந்தது. ஒரு இடத்தில் பழைய எண்ணிலேயே அனுப்பி, கிளெய்ம் (பணம் கேட்டு அனுப்பும் படிவம்) திரும்பி, முழுத் தொகைக்கும் பில் எங்கள் வீட்டுக்கு வந்தது. அதைச் சரிசெய்யவே இரண்டு மாதம் ஆயிற்று.

அந்த நாட்களில்தான் இந்தக் கணக்குகளைத் தேடிப் படித்தேன். மெடிகேரின் ஆண்டுச் செலவு 2023-இல் ஒரு லட்சம் கோடி டாலரைத் தாண்டியது. ஒழுங்காக நிரப்பி வரும் கிளெய்முக்கு 30 நாளுக்குள் பணம் தந்துவிட வேண்டும் என்பது விதி. நேர்மையான டாக்டர்களுக்கு அது அவசியம், ஆனால் திருடனும் அதே வாசல் வழியாகத்தான் வருகிறான். 2024 நிதியாண்டில், தனியார் கம்பெனி வழியாக அல்லாமல் அரசே பணம் தரும் நேரடி மெடிகேரில் மட்டும் சுமார் 3,170 கோடி டாலர், அதாவது 7.66 சதவீதம், முறையற்ற பட்டுவாடா என்று அரசே கணக்கிட்டது. இதை முழுவதும் திருட்டு என்று சொல்வது தப்பு. பெரும்பகுதி, ஆவணம் போதாமல் விதிப்படி நிரூபிக்க முடியாத செலவு. அதைச் சரியான பதிவுகளால் குறைக்கலாம். எங்களுக்கு நடந்தது அந்த வகை அல்ல, அது பச்சைத் திருட்டு.

2025 ஜூனில் அமெரிக்க அரசின் நீதி அமைச்சகம் வெளியிட்ட வழக்கைப் படித்தபோது உடம்பு சில்லிட்டது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் அடையாளத்தைத் திருடி, கதீட்டர் போன்ற பொருட்களுக்காக 1,060 கோடி டாலர் கேட்டிருக்கிறார்கள். மெடிகேர் தர இருந்த தொகையில் பெரும்பங்கைத் தடுத்துவிட்டார்கள். சப்ளிமென்ட் கம்பெனிகளிடமிருந்து மட்டும் சுமார் 90 கோடி டாலர் போய்விட்டது. எங்கள் மூன்று வரிகளும் அந்தக் கூட்டத்தின் வேலையா, வேறு யாருடையதா, தெரியாது. வேலை செய்த காலமெல்லாம் சம்பளத்தில் 1.45 சதவீதம் மெடிகேருக்குப் பிடித்தார்கள், முதலாளியும் அதே அளவு கட்டினார். போனது யாரோ ஒருவருடைய பணம் என்று என்னால் நினைக்க முடியவில்லை.

இப்போது சமையலறைக் காலண்டரில் எந்த நாள் எந்த டாக்டர், என்ன டெஸ்ட் என்று எழுதி வைக்கிறோம். கவர் வந்ததும் அவர் வாசிப்பார், நான் காலண்டரில் டிக் போடுவேன். தாளுக்காகக் காத்திருக்காமல் மெடிகேர் இணையக் கணக்கிலும் பார்க்கலாம். போன முறை தெரியாத டாக்டர் பெயர் ஒன்று இருந்தது. பதறிப்போய் எங்கள் டாக்டர் ஆபீஸைக் கேட்டேன். என் கணவரின் ஸ்கேனைப் பார்த்து ரிப்போர்ட் எழுதியவராம். அந்த வரிக்கும் டிக் போட்டோம்.