டிப்பர் மோதிய பிறகு: திருகோணமலையில் நட்டஈட்டு வழக்குப் போட்ட அனுபவம்

முக்கியமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். பொலிஸ் போடுகிற வழக்கு வேறு, நட்டஈட்டு வழக்கு வேறு. காயப்பட்டவருக்கு உரிய நட்டஈடு வேண்டுமென்றால் அவரே மாவட்ட நீதிமன்றத்தில் தனியாக வழக்குப் போட வேண்டும், அதுவும் விபத்து நடந்து இரண்டு வருடத்துக்குள். அப்பா வார்டில் கிடந்தபோது பார்க்க வந்தவர்களில் ஒருவர்கூட இதைச் சொல்லவில்லை. "பொலிஸ் கேஸ் போட்டாச்சுதானே, இனிக் கோட்ஸ் பார்த்துக்கொள்ளும்" என்றுதான் எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள்.

அப்பா ஆட்டோ ஓட்டுகிறவர். தம்பலகாமத்தில் ஓர் ஆளை இறக்கிவிட்டுக் கண்டி வீதியால் டவுனுக்குத் திரும்பும்போது, மண் ஏற்றிய டிப்பர் ஒன்று அவரை முந்தப் பார்த்து, எதிரே பஸ்ஸைக் கண்டதும் சடாரென்று இடப்பக்கம் வெட்டி ஆட்டோவைத் தட்டிச் சாய்த்துவிட்டது. ரோட்டில் நின்றவர்கள் 1990க்கு அடித்து அம்புலன்ஸை வரவழைத்தார்கள். வலது தொடை எலும்பு முறிவு. உள்ளே பிளேட் வைத்திருக்கிறார்கள், முழங்கால் இன்றைக்கும் முழுதாக மடங்காது. அந்த வீதியில் ஓடுகிறவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, சீனக்குடாப் பக்கம் மாவுக்கும் சீமெந்துக்கும் போய்வரும் பெரிய லொறிகளோடு மண் டிப்பர்களும் சேர்ந்துகொண்டால் ஆட்டோவுக்கும் சைக்கிளுக்கும் மிஞ்சுவது ரோட்டின் ஓரம்தான்.

அப்பாவுக்கு ஒப்பரேஷன் முடிந்த கையோடு டிப்பர்க்காரரின் ஆள் ஒருவர் வார்டுக்கே வந்தார். கையில் ஒரு கவர், கூடவே சிங்களத்தில் டைப் அடித்த கடிதம். "அம்மா, செலவுக்கு வைச்சுக்கொள்ளுங்கோ, இதில ஒரு சைன் மட்டும் போடுங்கோ" என்று மிகவும் பணிவாகத்தான் கேட்டார். "வாசிக்காமல் சைன் வைக்க மாட்டம் அண்ணா" என்று சொல்லிக் கடிதத்தை வாங்கி, பக்கத்துக் கட்டிலில் இருந்தவரின் மகனிடம் வாசிக்கக் கொடுத்தேன். கடைசி வரியில், இந்த விபத்து சம்பந்தமாக இனி எந்தக் கோரிக்கையும் வைக்க மாட்டோம் என்று இருந்தது. கவரில் இருந்த காசு ஆட்டோ லீசிங்கில் இரண்டு தவணைக்குக்கூடக் காணாது. இரண்டையும் திருப்பிக் கொடுத்துவிட்டோம். இதில் எனக்குக் கடும் கோபம் உண்டு. வலி மருந்தில் அரை மயக்கமாகக் கிடக்கிறவரிடம் கையெழுத்துக் கேட்பது எந்த வகையிலும் நியாயமில்லை.

வாக்குமூலம் எடுக்க வந்த பொலிஸ்காரர் அப்பா தமிழில் சொன்னதைச் சிங்களத்தில் எழுதிவிட்டு ஒப்பம் கேட்டார். அப்பா மறுத்துவிட்டார். வடக்கு கிழக்கில் தமிழ் நிர்வாக மொழி, நீதிமன்ற மொழியும் அதுதான், அரசியலமைப்பிலேயே இருக்கிறது. அப்பாவுக்குச் சட்டமெல்லாம் தெரியாது, "எனக்கு விளங்காததில கை வைக்க மாட்டன்" என்று மட்டும் சொன்னார். மறுநாள் தமிழ் தெரிந்த ஒருவர் வந்து மறுபடி எழுதினார். பிறகு பார்த்தால் டிப்பர் சாரதி, ஆட்டோ சிக்னல் போடாமல் வலப்பக்கம் திரும்பியதாகச் சொல்லியிருக்கிறார். அப்பாவின் வாக்குமூலம் ஒழுங்காகப் பதிவாகியிருக்காவிட்டால் அந்தக் கதைதான் நின்றிருக்கும்.

வார்டில் இருக்கும்போதே சட்ட வைத்திய அதிகாரி பார்க்க வேண்டும். அதற்குப் பொலிஸ் கொடுக்கிற படிவத்தை எம்.எல்.ஈ.எஃப் என்பார்கள். எந்தக் காயம், எவ்வளவு பாரதூரம் என்று அதில் எழுதுவதுதான் பின்னால் இரண்டு வழக்குக்கும் அடிப்படை. டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்குப் போவதற்கு முன் அது நடந்துவிட்டதா என்று கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

அப்புறம்தான் சட்டத்தரணி தேடும் படலம். முதலில் பார்த்தவர் கட்டணத்துக்குப் பதிலாக வருகிற தொகையில் பெரிய பங்கு கேட்டார், எங்களுக்கு அது சரிப்படவில்லை. என் சிநேகிதி ஒருத்திதான் சட்ட உதவி ஆணைக்குழுவைச் சொன்னாள். 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்த அரச அமைப்பு, திருகோணமலையிலும் நிலையம் இருக்கிறது. வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசமாக வழக்குப் பேசுவார்கள். கிராம உத்தியோகத்தரின் வருமானக் கடிதத்தோடு போனோம். அங்கே இருந்த சட்டத்தரணி அம்மா நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, "பிள்ளை, விபத்துத் திகதி என்ன?" என்றுதான் முதல் கேள்வி கேட்டார்.

நீதவான் நீதிமன்றத்தில் சாரதி கவனயீனமாக ஓட்டியதை ஒத்துக்கொண்டு தண்டம் கட்டிவிட்டார். அந்தத் தண்டப்பணம் அரசுக்குப் போகிறது, அப்பாவின் காலுக்கு இல்லை. நீதவான் விரும்பினால் ஓரளவு நட்டஈடு கட்டச் சொல்லலாம், ஆனால் இழந்த உழைப்பு, இனிமேல் வரப்போகிற செலவு, நிரந்தர ஊனம் எல்லாவற்றையும் கணக்குப் பார்ப்பது மாவட்ட நீதிமன்றத்தில்தான். சாரதி குற்றத்தை ஒத்துக்கொண்ட வழக்கேட்டின் உறுதிப்படுத்திய பிரதியை எடுத்து எங்கள் வழக்கோடு சேர்த்தார்கள்.

எங்களை அதிகம் அலைக்கழித்தது டிப்பர் யாருடையது என்ற கேள்வி. பதிவுப் புத்தகத்தில் பெயர் உள்ளவரைப் பிடித்தால், "நான் எப்பவோ வித்திட்டன்" என்கிறார். வாங்கியவர் பெயர் மாற்றாமல் ஓபன் பேப்பரில் ஓட்டியிருக்கிறார். முழு உரிமையாளர் என்று ஒரு லீசிங் கம்பெனியின் பெயர் வேறு. இந்தச் சிக்கலை அவிழ்த்தது ஒரு போட்டோ. விபத்து நடந்த இடத்திலேயே பெரியப்பாவின் மகன் டிப்பரின் முன்கண்ணாடியைப் போனில் எடுத்திருந்தான். பாதி தூசி, மீதி வெயில் பட்டுப் பளபளக்கிறது, ஆனாலும் காப்புறுதிச் சான்றிதழில் கம்பெனிப் பெயரும் இலக்கமும் தெளிவாகத் தெரிந்தன. மூன்றாம் தரப்புக் காப்புறுதி, அதாவது வாகனம் மோதிக் காயப்படுகிற வெளியாளுக்கான காப்புறுதி, இல்லாமல் எந்த வாகனமும் ரோட்டில் ஓட முடியாது என்பது 1951ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம். அந்தக் கம்பெனிக்கு வழக்குப் போட முன்போ, போட்டு ஏழு நாளுக்குள்ளோ அறிவித்தல் போயிருக்க வேண்டும், இல்லாவிட்டால் தீர்ப்புக் கிடைத்தாலும் கம்பெனி கையை விரித்துவிடலாம். சட்டத்தரணி அம்மா அதைப் பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டை வழக்குக் கோவையில் குத்தி வைத்த பிறகுதான் அடுத்த வேலையைப் பார்த்தார்.

அப்பாவின் உழைப்பை நிரூபிப்பதும் லேசாக இருக்கவில்லை. ஆட்டோ ஓட்டுகிறவருக்குச் சம்பளச் சிட்டை ஏது? ஸ்டாண்ட் சங்கத் தலைவர் கடிதம் தந்தார். மாதம் தவறாமல் கட்டிய லீசிங் ரசீதுகளைக் காட்டினோம், பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றிய வீடுகளில் இரண்டு பேர் சாட்சி சொல்லச் சம்மதித்தார்கள். கிளினிக் கொப்பி, மருந்துக் கடை பில், கிளினிக் போய்வந்த வாகனக் கூலித் துண்டு எல்லாவற்றையும் அம்மா ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்தார், ஒன்றுகூடத் தவறவில்லை.

தவணை தவணையாக இழுத்தது. கடைசியில் விளக்கம், அதாவது சாட்சி விசாரணை, தொடங்குவதற்கு முன்பே காப்புறுதிக் கம்பெனி பேச வந்தது. முதலில் சொன்ன தொகையைச் சட்டத்தரணி அம்மா ஏற்கவில்லை. ஊன வீதம் குறித்த வைத்திய அறிக்கையை மேசையில் வைத்துப் பேசினார், தொகை ஏறியது. தீர்வை வெளியில் கைச்சாத்திட்டு முடிக்காமல் வழக்கேட்டில் பதிவு செய்தோம், அப்போதுதான் அது நீதிமன்றத் தீர்ப்பாக நிற்கும். லீசிங் மிச்சத்தையும் கடனையும் கட்டி முடித்து, அப்பாவுக்கு வீட்டோடு ஒரு சின்னக் கடை போடக் காணுமாக இருந்தது.

போன மாதம் கிண்ணியாவில் இருந்து ஓர் அண்ணன் விசாரித்து வந்தார். அவரையும் லொறிதான் இடித்தது. சாரதி தண்டம் கட்டியதோடு கேஸ் முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தார். விபத்துத் திகதியைக் கேட்டேன், ஒன்றரை வருடம் தாண்டியிருந்தது. அடுத்த நாளே சட்ட உதவி நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன், இப்போது அவருக்கும் கோவை திறந்திருக்கிறார்கள்.