தார்ப்பாய்க்குக் கீழே

20 ஜனவரி 2025, திங்கள்

தார்ப்பாயை இழுத்துக் கழற்றினேன். மெசினுக்குள் பல்லி முட்டை இரண்டு. பெடியன் அவற்றைப் பக்குவமாக எடுத்து ஜன்னல் கட்டில் வைத்தான்.

21 ஜனவரி

கிண்ணியாவிலிருந்து போட்கார நானா அழைத்தார். "அப்பாட ஒடம்பு எப்பிடி தங்கச்சி?" என்று தொடங்கி, நெடுநேரம் சுற்றித்தான் தட்டுகளுக்கு வந்தார். நோன்பு தொடங்க முன்னம் போட்டைக் கடலில் இறக்க வேண்டுமாம். வேறு இடத்தில் கொடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். "எனக்கு அப்பாட கை வேலதான் சரி, அவசரமில்ல" என்றார். நோன்பு மார்ச் தொடக்கத்தில். அப்பாவின் கை எந்த நிலையில் இருக்கிறதென்று அவருக்கு நான் இன்னும் சொல்லவில்லை.

வேலை ஒன்றும் பெரிய வேலை இல்லை. 120க்கு 90 அளவில், 20 மி.மீ. தடிப்பில் இரண்டு அலுமினியத் தட்டு. மூலைக்கு ஒரு துளை. நடுவில் 6204 பெயாரிங் உட்காரக் குழி, 47 மி.மீ. விட்டம், 14 மி.மீ. ஆழம். தண்டு போக அடியில் ஒரு துளை. அப்பா என்றால் லேத்தில் நாலு தாடைச் சக்கில் பிடித்துப் பகல் சாப்பாட்டுக்கு முன் ஒன்று, பிறகு ஒன்று. லேத்தை நான் தொட்டதே இல்லை. பின்னல் உள்ள ஆள் லேத் பக்கம் வரக்கூடாது என்பது எனக்கு எட்டு வயதிலிருந்தே வீட்டுச் சட்டம்.

அப்படியென்றால் கொம்பியூட்டர் சொல்கிறபடி கட்டரால் உலோகத்தை வெட்டுகிற இந்தச் சின்ன மில்லை ஏன் வாங்கினார்? பில் மேசை லாச்சிக்குள் கிடக்கிறது. போன ஜூலை, பஞ்சிகாவத்தை, செக்கன்ட் ஹேண்ட், பழைய கொம்பியூட்டரும் சேர்த்து. மவுஸ் பிடிக்கத் தெரியாத மனிதர். இறக்கினார், தார்ப்பாயைப் போட்டார், அவ்வளவுதான். அம்மாவுக்கும் ஒன்றும் சொல்லவில்லை.

22 ஜனவரி

கொழும்பில் நாலு வருஷம் ஓட்டோகேட்டில் வீடு வீடாகக் கீறித் தள்ளியவள் நான். அந்தத் திமிர் இன்றைக்கு அரை மணி நேரம்தான் நின்றது. ஓட்டோகேட்டில் கோடு கோடுதான். கேமில், அதாவது கட்டர் ஓட வேண்டிய வழியை மெசினுக்கு எழுதிக் கொடுக்கிற மென்பொருளில், ஒவ்வொரு கோட்டுக்கும் கேள்வி இருக்கிறது: கட்டர் கோட்டுக்கு உள்ளே ஓடவா, வெளியே ஓடவா, எவ்வளவு ஆழம், எத்தனை தரம், எந்த வேகத்தில், எங்கிருந்து இறங்க?

முதலில் ஃபியூஷன் என்ற மென்பொருளைத்தான் நினைத்தேன். தனியாளுக்கு இலவசம்தான், ஆனால் அந்த இலவசத்தில் ஒரே நேரத்தில் பத்துப் படம்தான் திறந்து திருத்தலாம், வெட்டாமல் சும்மா போகிற ஓட்டத்தையும் வெட்டுகிற வேகத்துக்குக் குறைத்துவிடுகிறார்கள். மழை பெய்தால் சிக்னல் போகிற எங்கள் ஒழுங்கைக்கு இணையக் கணக்கை நம்பியிருக்கும் மென்பொருள் சரிவராது. ஃப்ரீகேட் 1.0 எடுத்தேன். போன நவம்பரில்தான் வந்தது. முன்பு "பாத்" என்று இருந்த பகுதிக்கு இப்போது "கேம்" என்றே பெயர்.

24 ஜனவரி

வார்டில் இரவு. அப்பாவின் விரல்கள் ஸ்பானர் பிடிக்கிற மாதிரியே மடங்கிக் கிடக்கின்றன. விரித்துவிட்டால் திரும்பவும் மடங்குகின்றன.

நித்திரை வராமல் ஃபோனில் வாசித்தேன். மில் மெசினை ஓட்டை போட்ட கடதாசி நாடாவால் ஓட்டி முதன்முதலில் உலகத்துக்குக் காட்டியது எம்.ஐ.டி.யில், 1952இல். அப்பா பிறந்ததும் 1952.

25 ஜனவரி

லப்டொப்பை வார்டுக்குக் கொண்டுபோய்த் தட்டின் படத்தைக் காட்டினேன். நீலப் பெட்டிக்குள் சாம்பல் தட்டு, மூலையில் மூன்று நிற அம்பு. அப்பா நெடுநேரம் பார்த்தார். பிறகு இடது கையால் அந்த அம்பைத் தொட்டு ஏதோ கேட்டார். முதல் சொல் "எங்க" என்று விளங்கியது. மற்றது "வய்சு, வய்சு" என்று வந்தது.

"வயசா? எழுபத்திமூண்டு நடக்குது அப்பா" என்றேன்.

முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். பிறகு நான் போகும்வரை திரும்பவே இல்லை. அழுதாரோ தெரியாது.

26 ஜனவரி

வயசைப் பற்றி ஏன் கேட்டார்.

28 ஜனவரி

இன்றைக்கு உருப்படியாக ஒன்று. ஃப்ரீகேட்டில் போகிற வழி பிடிபட்டுவிட்டது. முதலில் பொருளைக் கீறி எழுப்ப வேண்டும். பிறகு "ஜொப்" ஒன்று திறக்க வேண்டும், அதற்குள்தான் மற்ற எல்லாம். எந்தக் கட்டையிலிருந்து வெட்டப் போகிறோம் என்று சொல்ல வேண்டும். சும்மா விட்டால் பொருளைச் சுற்றி எல்லாப் பக்கமும் 1 மி.மீ. கூட வைத்துக்கொள்கிறது, அடியிலும்தான், அதைச் சைபராக்கினேன். அடுத்தது கட்டர். அப்புறம்தான் வேலைகள்: மேல்முகம் சீவு, துளை போடு, குழி எடு, ஓரம் சுற்று. திரையில் ஓட்டிப் பார். கடைசியில் "போஸ்ட்". எங்கள் மெசினோடு வந்த பழைய கொம்பியூட்டரில் மெசினை ஓட்டுகிற மாக் 3 இருப்பதால் அதற்கான போஸ்ட்தான் தெரிய வேண்டும். ஒவ்வொரு மெசினும் தனித் தனிக் கொச்சை பேசுகிறது, போஸ்ட் என்பது மொழிபெயர்ப்பாளர்.

வேகத்துக்குக் கணக்கு: அலுமினியத்துக்கு நிமிடத்துக்கு 120 மீட்டர் என்று வைத்தேன். 120ஐ ஆயிரத்தால் பெருக்கி, பை (π) ஆலும் கட்டர் விட்டம் ஆறாலும் பிரித்தால் 6366 சுற்று. இரண்டு பல், பல்லுக்கு 0.03 மி.மீ., ஆக நிமிடத்துக்கு 382 மி.மீ. 380 என்று அடித்தேன்.

ஃபைலைத் திறந்து பார்த்தால் வேகம் F22800.

நல்ல காலம் பார்த்தேன். ஃப்ரீகேட் உள்ளே செக்கனுக்கு இத்தனை மி.மீ. என்றுதான் நினைக்கிறது. நான் அடித்த 380ஐ அறுபதால் பெருக்கி எழுதிவிட்டது. செட்டிங்கில் அலகை "சின்னப் பாகங்களும் சிஎன்சியும்" என்பதற்கு மாற்றினால் நிமிடக் கணக்குக்கு வந்துவிடுகிறது. இதை முதல் நாளே யாராவது சொல்லியிருந்தால் என் வாழ்க்கையில் ஒரு பின்னேரம் மிச்சம்.

29 ஜனவரி

அச்சடித்த தாளை வாசலில் வைத்துவிட்டு உள்ளே போய் வந்தேன். மான் தின்றுவிட்டது. ஊர் முழுக்கப் புல் இருக்க இதுகளுக்குக் கடதாசிதான் வேண்டும்.

30 ஜனவரி

பலகைத் துண்டில் முதல் ஓட்டம். பெடியன் பின்னால் நின்றான், கதவுக்குப் பக்கத்தில், ஓட வசதியாக. பச்சைப் பொத்தானை அழுத்தினேன். ஸ்பிண்டில் சுற்றியது, மேசை நகர்ந்தது, வட்டம் வட்டமாகப் போனது, எல்லாம் திரையில் பார்த்தபடியே. பலகைக்கு 20 மி.மீ. மேலே. பதினோரு நிமிடம் காற்றை வெட்டியது.

"அக்கா, வடிவா வெட்டுது" என்றான் பெடியன்.

படத்தில் சீரோ, அளவெல்லாம் தொடங்குகிற இடம், தட்டின் அடிமுகத்தில். மெசினில் நான் பலகையின் மேல்முகத்தில் கட்டரைத் தொட்டுச் சீரோ கொடுத்திருந்தேன். மாறி நடந்திருந்தால், படத்தில் மேலேயும் மெசினில் கீழேயும் என்றால், கட்டர் 20 மி.மீ. கூடுதலாக இறங்கி நேரே கட்டையைக் கவ்விப் பிடிக்கிற வைஸுக்குள்

வைஸ்.

அவர் வயசைக் கேட்கவில்லை. வைஸ். வைஸ் எங்கே என்று கேட்டார். படத்தில் வைஸ் இல்லை. காற்றில் மிதக்கிற தட்டையும் அதன் மூலையில் அம்பையும் காட்டிவிட்டு, எழுபத்திமூன்று என்று பதில் சொல்லியிருக்கிறேன்.

31 ஜனவரி

காலையில் பார்வை நேரம் தொடங்க முன்னமே போய் நின்றேன். "வைஸா அப்பா?" என்றேன். வாயின் ஒரு பக்கம் சிரித்தது.

கேட்கக் கேட்க வந்தது, ஒவ்வொரு சொல்லாக. சீரோவைக் கட்டையில் வைக்காதே. கட்டை வெட்டுப்படுகிற சாமான். மேல்முகம் போகும், ஓரம் போகும், பிறகு எதைத் தொட்டுக் கண்டுபிடிப்பாய்? வைஸின் அசையாத தாடையில் வை. பக்கத்துக்கு ஒரு தடுப்பு. ஆழத்துக்குக் கட்டை உட்கார்ந்திருக்கிற பட்டை, பெரலல். இதைச் சொல்லி முடிக்க அரை மணி நேரம் ஆனது. நர்ஸ் வந்து கதைக்க வேண்டாம் என்றார். அவர் கதைத்தார்.

3 பெப்ரவரி

வீட்டுக்கு விட்டார்கள். முன் அறையில் கட்டில். அங்கிருந்து பட்டறைச் சத்தம் கேட்கும், அதனால்தான் முன் அறை கேட்டார்.

4 பெப்ரவரி

லாச்சியில் கிடந்த நாலு பல் கட்டரைப் போட்டு அலுமினியத்தில் இறக்கினேன். ஒரு நிமிடம் சத்தம் நன்றாக இருந்தது, பிறகு இழுத்தது, பிறகு டக். பல்லுக்கு நடுவில் அலுமினியம் உருகி ஒட்டிப் பந்தாக அடைத்துவிட்டது. அலுமினியத்துக்கு இரண்டு பல். சீவல் வெளியேற இடம் வேண்டும். மண்ணெண்ணெயை பிரஷால் தொட்டுக்கொண்டே இருக்க வேண்டும். இது நான் வாசித்த விஷயம். வாசித்தும் செய்தேன்.

முன் அறையிலிருந்து இருமல் சத்தம். டக் அங்கேயும் கேட்டிருக்கிறது.

6 பெப்ரவரி

இரண்டு பல் கட்டர், மண்ணெண்ணெய், மிச்சத் துண்டு. வெட்டினது. உண்மையாகவே வெட்டினது. சீவல் வெள்ளி மாதிரிப் பறக்கிறது, முழு வேர்க்‌ஷொப்பும் மண்ணெண்ணெய் மணம், எனக்குப் பசிக்கவே இல்லை. பெயாரிங்கை வைத்தேன். உள்ளே போகவில்லை. வேர்னியரில் 46.94.

திரையில் 47 என்றுதான் இருக்கிறது. திரையில் எல்லாம் 47தான்.

அப்பப்பாவின் மைக்ரோமீட்டரை எடுத்தேன். அவர் திருகோணமலை டொக்யார்டில் ஃபிட்டர். 1957இல் வெள்ளைக்காரன் தளத்தைக் கையளித்துவிட்டுப் போனபோது அவரிடம் மிஞ்சியது இது ஒன்றுதான் என்பார்கள். இஞ்சுக் கணக்கு. கட்டரைப் பிடித்தால் 0.235. பெருக்கிப் பார்த்தால் 5.97 மி.மீ. ஆறு என்று பெட்டியில் எழுதியிருந்ததை நான் நம்பி ஆறு என்று அடித்திருக்கிறேன். கட்டர் 0.03 மெலிந்தால் துளையும் 0.03 சிறுக்கும். 5.97 என்று மாற்றினேன்.

மிச்சம் 0.03 எங்கே?

7 பெப்ரவரி

துண்டை அப்பாவின் இடது கையில் கொடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு சுட்டுவிரலைக் குழிக்குள் சுற்றினார். நிறுத்தினார். இன்னும் கொஞ்சம் சுற்றி நிறுத்தினார். நாலு இடம், சரியாகக் கால் வட்டத்துக்கு ஒன்று. எனக்குக் கண்ணாலும் தெரியவில்லை. "லூஸ்" என்றார், இந்தத் தடவை தெளிவாக. மேசை திசை திரும்புகிற இடத்தில் ஸ்குரூவில் உள்ள ஆட்டம், அதுதான் வட்டத்தில் சப்பையாக விழுகிறது.

பெடியனைக் கூப்பிட்டு மேசைக்குப் பக்கத்துக் கிப் ஸ்குரூக்களை இறுக்கச் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து ஒரு விரலை மேசையாகவும் மற்றக் கையைக் கட்டராகவும் வைக்கப் பார்த்தார், மற்றக் கை வரவில்லை. என் கையை எடுத்துக்கொண்டார். எதிர்த்து வெட்டு என்று விளங்கியது. ஃப்ரீகேட்டில் ஒரு பெட்டியில் "கிளைம்ப்" என்று இருந்ததைக் "கன்வென்ஷனல்" என்று மாற்றுகிற வேலைதான். ஆட்டம் உள்ள மெசினில் கிளைம்ப், அதாவது எதிர்க்காமல் கூடவே போய், வெட்டினால் கட்டர் மேசையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு ஓடும்.

9 பெப்ரவரி, ஞாயிறு

முதலாவது தட்டு. மேல்முகம் முடிந்தது, ஓரம் முடிந்தது, குழி 9 மி.மீ. வரை இறங்கிவிட்டது. பதினொன்றரை மணியளவில் எல்லாம் நின்றது. ஃபேன், ஸ்பிண்டில், கொம்பியூட்டர், பக்கத்து வீட்டு ரேடியோ. நாடு முழுக்கக் கரண்ட் இல்லை. தெற்கில் எங்கோ ஒரு மின் நிலையத்தில் குரங்கு பாய்ந்ததாம்.

குரங்கு.

கட்டர் குழிக்குள் நிற்கிறது. கொம்பியூட்டர் திரும்ப வந்தாலும் அது எங்கே நின்றதென்று அதற்குத் தெரியாது. இரண்டு மணி நேரம் படியில் உட்கார்ந்திருந்தேன். நானாவுக்கு என்ன சொல்ல, அலுமினியம் இன்னும் ஒரு துண்டுதான், அது இரண்டாவது தட்டுக்கு. பெடியன் டச்சு பே பக்கம் போய் ஐஸ் வாங்கி வந்தான், அம்மா மீனைக் காப்பாற்றினா.

கரண்ட் பின்னேரம்தான் வந்தது. கட்டரைக் கையால் சுற்றி மேலே எடுத்தேன். அசையாத தாடையில் கடதாசியை வைத்துத் தொட்டேன், இழுத்தால் பிடிக்கிற அளவுக்கு, 0.1 கழித்தேன். தடுப்பில் தொட்டேன். பெரலலில் தொட்டேன். அவை மூன்றும் காலையில் இருந்த இடத்திலேயே இருந்தன. கட்டையின் மூலையில் வைத்திருந்தால் அந்த மூலையே இப்போது இல்லை. புரோகிராமை நடுவிலிருந்து தொடங்காமல் முதலிலிருந்தே ஓட்டினேன். வெட்டின ஆழமெல்லாம் காற்று, பிறகு ஒன்பதாவது மில்லிமீட்டரில் மெதுவாக அந்தச் சத்தம் தொடங்கியது.

அப்பா கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தாராம். அம்மா சொன்னா.

10 பெப்ரவரி

இன்றைக்கு ஒன்றரை மணி நேரம் கரண்ட் வெட்டு, அறிவித்தே. நாளைக்கும்.

13 பெப்ரவரி

கடைசிச் சுற்றை ஒரே பாதையில் இரண்டு தரம் ஓட்டினேன். பெயாரிங் பெருவிரலால் அமத்தப் போய் உட்கார்ந்தது. எடுத்தேன். திரும்ப வைத்தேன். எடுத்தேன். பெடியன் "போதும் அக்கா" என்றான்.

அப்பா தட்டை மடியில் வைத்துக்கொண்டு நித்திரை.

17 பெப்ரவரி

கிளினிக். பிசியோ தேதி இன்னும் தரவில்லை. திரும்பவும் வரச் சொன்னார்கள். வலது கையின் சுண்டுவிரல் அசைந்தது என்று நான் சொல்கிறேன், டொக்டர் பார்த்தபோது அசையவில்லை.

21 பெப்ரவரி

அந்தப் பில்லைத் திரும்பவும் பார்த்தேன். பின்பக்கத்தில் பென்சிலால் மெசினின் அளவு, கதவின் அகலம். அதற்குக் கீழே "மூடி உள்ளது" என்று அப்பாவின் கையெழுத்து, கீழே கோடும் போட்டு. கட்டரைச் சுற்றி உள்ள கண்ணாடி மூடியைத்தான் சொல்கிறாராக்கும்.

பின்னலை அவிழ்த்துத் திரும்பப் பின்னினேன்.

26 பெப்ரவரி

சிவராத்திரி. கோணேசர் கோயில் மணி இங்கே வரை கேட்கிறது. நான் போகவில்லை.

27 பெப்ரவரி

இரண்டாவது தட்டு வைஸில். மேல்முகம் சீவியாயிற்று, நாலு துளையில் மூன்று முடிந்தது. நானா நாளைக்கு ஆளனுப்புவதாகச் சொன்னார், அப்பாவுக்கு ஒரு வாளி சுறாக் கருவாடும். அம்மா கூப்பிடுகிறா. அப்பா ஊன்றுகோல் இல்லாமல் இந்தப் பக்கம் வரப் பார்க்கிறாராம். ஸ்பிண்டிலை நிறுத்திவிட்டுப் போகிறேன்.