முன்சீப் வீட்டு நாட்குறிப்பு

ஜூலை 2, புதன்

ஆஸ்பத்திரியிலிருந்து அப்பாவோடு வீட்டுக்கு வந்துவிட்டோம். கட்டிலைக் கூடத்தில், ஜன்னலை ஒட்டிப் போட்டாயிற்று. திண்ணையில் யார் வந்து உட்கார்ந்தாலும் அவருக்குத் தெரிய வேண்டுமாம். இதைப் புரியவைக்க அப்பாவுக்குக் கால் மணி நேரம் பிடித்தது. பேச்சு வரவில்லை, வலது கை எழவில்லை. இடது கையால் ஜன்னலைக் காட்டிக்கொண்டே இருந்தார்.

ஜூலை 3, வியாழன்

இட்லி தள்ளுபடி. கஞ்சி பகுதியாக அனுமதி.

ஜூலை 5, சனி

அறந்தாங்கியிலிருந்து ஒருவர் பஸ் ஏறி வந்திருந்தார். தோளில் ஒரு பூவன் தார். அப்பா அங்கே முன்சீப்பாக, அதாவது கீழ்க் கோர்ட் ஜட்ஜாக, இருந்தபோது வரப்புத் தகராறு வழக்காம். ஜெயித்தவர் போலிருக்கிறது என்று நினைத்துக் காபி கொடுத்தேன். "இல்லம்மா, அய்யா என் கேஸைத் தள்ளிட்டாங்க" என்றார். அப்புறம் கட்டில் அருகே போய்ச் செருப்பில்லாமல் நின்றார். அப்பாவுக்கு அடையாளம் தெரிந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. அவர் போன பிறகுதான் கவனித்தேன், தார் திண்ணையிலேயே இருக்கிறது.

இந்த வீட்டுக்குள் பழம் வராது. அது எல்லோருக்கும் தெரியும். அவருக்குத் தெரியாதா?

ஜூலை 6, ஞாயிறு

தார் அங்கேயேதான் இருக்கிறது. ராத்திரி இரண்டு தடவை எழுந்து பார்த்தேன். என்ன எதிர்பார்த்தேனோ.

அம்மா இருந்தால் ஒரு நிமிஷத்தில் முடிவு சொல்லியிருப்பாள். அவளிடம் ஒரு சட்டமே இருந்தது. கல்யாணப் பத்திரிகை வாங்கலாம், கூட வரும் தட்டு திரும்பிப் போகும். தீபாவளிக்கு வக்கீல் வீட்டு ஸ்வீட் பாக்ஸ், கோர்ட் சேவகர் டபேதார் கையிலேயே கொடுத்தனுப்பப்படும். ஜனவரி 1 அன்று ஆபீஸ்காரர்கள் கொடுக்கும் எலுமிச்சம்பழம் மட்டும் வாசல்படி தாண்டும், அதை ஊறுகாய் போட்டுவிடுவாள். பரமக்குடியில் என் வகுப்புத் தோழி பிறந்தநாளுக்குக் கூப்பிட்டாள். அவள் அப்பா மேல் ஒரு வாடகை வழக்கு நிலுவையில் இருந்தது. நான் போகவில்லை. ஏன் என்று அவளிடம் சொல்லவும் கூடாது. மூன்று வருஷத்துக்கு ஒரு ஊர், ஊருக்கு ஒரு பள்ளி, எங்கும் சினேகிதி இல்லை. ஊரெல்லாம் அப்பாவைக் கையெடுத்துக் கும்பிட்டது, யாரும் வீட்டுக்கு வந்து தாயம் ஆடவில்லை. இது எனக்கு இன்னும் ஆறவில்லை, இப்போது சொன்னால் என்ன.

ரிட்டயர் ஆகி இத்தனை வருஷமாயிற்று. இப்போது எந்த விதியும் தடுக்காது. இருந்தாலும் மனு எழுதிக் கொடுத்ததற்கு யாராவது இளநீர் கொண்டுவந்தால்கூடத் திருப்பித்தான் அனுப்புவார்.

ஜூலை 8, செவ்வாய்

பிசியோதெரபி பையன் வரவில்லை. மழையும் இல்லை, ஒன்றும் இல்லை.

ஜூலை 9, புதன்

ஒரு பாட்டி வந்தாள். மஞ்சள் பையில் காகிதம். 2007ஆம் ஆண்டு முதியோர் பராமரிப்புச் சட்டத்தில் கோட்டாட்சியரிடம் கொடுக்க அப்பா எழுதித் தந்த மனு. மகன் மாதாமாதம் பணம் தர வேண்டும் என்று உத்தரவும் ஆகிவிட்டது. கொஞ்ச நாள் தந்தானாம். சித்திரையிலிருந்து நிறுத்திவிட்டான். "அய்யாவைப் பார்த்துட்டுப் போறேன், தொந்தரவு பண்ண மாட்டேன்" என்றாள். பார்த்தாள், அழுதாள், போனாள்.

அவள் போனதிலிருந்து அப்பாவுக்கு இருப்பே கொள்ளவில்லை. இடது கையில் மூன்று விரலைத் தூக்கிக் காட்டுகிறார்.

ஜூலை 10, வியாழன்

மூன்று விரல். மூன்று மணி மாத்திரையா என்றேன். இல்லை. மூன்றாவது அலமாரியா? இல்லை. மூன்று தலையணை வைத்துப் பார்த்தேன், கோபம் வந்துவிட்டது. என் மேல் இப்படிக் கோபப்பட்டு எத்தனை காலமாயிற்று. உள்ளூரச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஜூலை 13, ஞாயிறு

தம்பி பேசினான். பணம் போட்டிருக்கிறானாம். லீவு கிடைக்கவில்லையாம். போனை ஸ்பீக்கரில் போட்டேன். அப்பா அதற்கும் மூன்று விரல் காட்டினார்.

ஜூலை 14, திங்கள்

தூக்கம் வரவில்லை. அப்பாவின் அலமாரியைக் குடைந்தேன். பாதிக்கு மேல் மாயூரம் வேதநாயகம் பிள்ளை. அப்பாவுக்கு அவர் குலதெய்வம் மாதிரி. சொந்த ஊரில் போஸ்டிங் கிடையாது என்பதால் இந்த மாயவரம் முன்சீப் நாற்காலியில் உட்கார முடியவில்லையே என்ற ஏக்கம் வேறு.

நான் சின்ன வயதில் கேட்டுக் கேட்டுச் சலித்த கதைதான். 1826இல் திருச்சி பக்கம் குளத்தூரில் பிறந்தவர். கோர்ட்டில் ரெக்கார்டு கீப்பராகச் சேர்ந்து, மொழிபெயர்ப்பாளராகி, 1857இல் தரங்கம்பாடி முன்சீப். அப்புறம் சீர்காழி, மாயவரம். அவரைத் தமிழின் முதல் நாவலாசிரியர் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அப்பா அதைச் சொல்லவே மாட்டார். ஹைகோர்ட்டுக்கு முன்பிருந்த சதர் கோர்ட்டின் 1805 முதல் 1861 வரையிலான தீர்ப்புகளைத் தமிழில் கொண்டுவந்தாரே, அதைத்தான் சொல்வார். எந்தச் சட்டத்தால் தோற்றோம் என்றே தெரியாமல் ஒருவன் வீட்டுக்குப் போகக் கூடாது என்பார். அப்பா தீர்ப்பெல்லாம் தமிழில் எழுதியதும் அதனால்தான். சில வக்கீல்கள் முகம் சுளித்தார்கள்.

தாது வருஷப் பஞ்சத்தில், 1876-78இல், பிள்ளை தன் சொத்தைப் போட்டுக் கஞ்சி ஊற்றியிருக்கிறார். கோபாலகிருஷ்ண பாரதி அவரைப் பாட்டில் வைத்துப் பாடினார். அவருடைய நீதிநூலில் கைக்கூலி, அதாவது லஞ்சம், பற்றியே ஓர் அதிகாரம் இருக்கிறது. அந்தப் பக்கத்தில் அப்பா பென்சிலால் ஒரு கோடு போட்டிருக்கிறார். வாழைத்தார் பற்றி அதில் ஒன்றும் இல்லை, தேடிப் பார்த்துவிட்டேன்.

பிள்ளையின் குழந்தைகளை யாராவது விளையாடக் கூப்பிட்டார்களா? எந்தப் புத்தகத்திலும் காணோம்.

ஜூலை 16, புதன்

கிடைத்துவிட்டது!

பாட்டியின் ஃபைலில் சட்டத்தின் நகல் இருந்தது. ஐந்தாம் பிரிவு, எட்டாம் உட்பிரிவு. உத்தரவுப்படி பணம் தராவிட்டால் வாரண்ட் போடலாம், ஒரு மாதம் வரை உள்ளேயும் தள்ளலாம். ஆனால் பாக்கி விழுந்த தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குள் மனுப் போட வேண்டும், இல்லாவிட்டால் அந்தப் பாக்கிக்கு வாரண்ட் கிடையாது. சித்திரை பாக்கிக்குக் கெடு இந்த மாதத்தோடு முடிகிறது.

"மூணு மாசமாப்பா?" என்றேன். கண்ணை மூடிக்கொண்டார். பெருமூச்சு. ஒரு வாரமாக இந்த ஆள் வாரண்டைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டு படுத்திருக்கிறார், நான் தலையணை அடுக்குகிறேன்.

கோர்ட்டில் ஜெயித்து டிகிரி வாங்கிய பிறகுதான் வழக்காடியின் கஷ்டமே ஆரம்பம் என்று, அந்தக் காலத்துக் கடைசி அப்பீல் கோர்ட்டான லண்டன் பிரிவி கவுன்சில் 1872லேயே சொல்லிவிட்டது என்பார் அப்பா. சாப்பிடும்போதுகூடச் சொல்வார்.

ஜூலை 17, வியாழன். ஆடி 1

மனு எழுதினேன். முதல் படி தள்ளுபடி. இரண்டாவதில் "கருணை கூர்ந்து" என்பதன் மேல் விரலை வைத்து அடித்தார். சரி, எடுத்துவிட்டேன். மாதவாரியாகப் பாக்கித் தொகை கேட்டார், அதாவது முறைத்தார், நான் புரிந்துகொண்டேன். நாலாவது படியில் தலையாட்டினார்.

தார் பழுத்துவிட்டது. கீரைக்காரம்மா, பால்காரர், பிசியோ பையன், ஆளுக்கு ஒன்று பிய்த்துத் தின்கிறார்கள். அப்பா ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். ஆட்சேபணை ஏதும் வரவில்லை என்று இங்கே பதிவு செய்கிறேன்.

ஜூலை 19, சனி

மோசமான நாள். காய்ச்சல். எழுத ஒன்றுமில்லை.

ஜூலை 21, திங்கள்

பாட்டியோடு கோட்டாட்சியர் ஆபீசுக்குப் போனேன். வரிசை. "நீங்க வக்கீலா?" என்று கேட்டார்கள். இல்லை, சட்டத்தின் பதினேழாம் பிரிவில் இங்கே வக்கீல் கூடாது என்றுதானே எழுதியிருக்கிறது என்றேன், அப்பா குரலிலேயே. எனக்கே கூச்சமாக இருந்தது. நகலில் சீல் போட மாட்டேன் என்றார்கள். போடும்வரை நகரவில்லை.

காலண்டரில் பார்த்தேன், 1889இல் பிள்ளை இறந்தது இதே தேதி. அப்பாவிடம் சொன்னேன். அவர் கேட்கவில்லை. சீலில் தேதி சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜூலை 24, வியாழன்

பாட்டியின் மகன் போன் செய்தான். ஒரே கத்தல். "உங்க அப்பா ஜட்ஜுன்னா ஊர்க் குடும்பத்தையெல்லாம் நீங்கதான் பாப்பீங்களா? இதுல நீங்க யாரு?" கேள்வி நியாயம்தான். சம்மன் வந்ததும் கோட்டாட்சியர் முன்னால் சொல்லுங்கள் என்று வைத்துவிட்டேன். கை நடுங்கியது. தம்பிக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை.

அப்பாவுக்கு மறுபடி 101. நாளைக் காலை ரத்தம் எடுக்க வருகிறார்கள், வெறும் வயிற்றில். பழைய ரிப்போர்ட்டெல்லாம் எந்தப் பையில் வைத்தேன்?