எஞ்சினை மாற்றினால் எரிபொருள் காசு மிச்சமாகுமா? ஒரு பழைய சி10 கணக்கு

1973 முதல் 1987 வரை வந்த பெட்டி முக ஷெவர்லே சி10 பிக்கப்பை எடுத்துக்கொள்வோம். உள்ளே 5.7 லிட்டர் வி8 பெட்ரோல் எஞ்சின், அமெரிக்கர்கள் '350' என்று சொல்வது. அதற்குப் பின்னால் மூன்று கியர் 'டர்போ 350' ஆட்டோமேட்டிக், பின் அச்சில் 3.73 விகிதத்தில் கிரவுன் பினியன். ஊரும் நெடுஞ்சாலையுமாக ஓட்டினால் கேலனுக்கு 13 மைல் வரும். நம் கணக்கில் லிட்டருக்கு ஐந்தரை கிலோமீட்டர். பெட்ரோல் பங்கில் நின்று மீட்டர் ஓடுவதைப் பார்க்கும் எவருக்கும் ஒருநாள் இந்த யோசனை வரத்தான் செய்யும்: வி8-ஐ இறக்கிவிட்டு ஒரு டீசலை ஏற்றினால் என்ன?

தாராளமாக ஏற்றலாம். ஆனால் எரிபொருள் செலவு மட்டும்தான் காரணம் என்றால், பெரும்பாலும் போட்ட காசு திரும்பாது. டீசல் ஏற்றியவர்கள் சொல்லும் மைலேஜில் கணிசமான பங்கு எஞ்சினால் வந்ததே இல்லை, கூடவே மாற்றிய கியர்பாக்ஸால் வந்தது.

முதலில் காசைப் பார்ப்போம். வருடம் 10,000 மைல் ஓட்டம், பெட்ரோல் கேலன் 3.20 டாலர், டீசல் 3.80 என்று வைத்துக்கொள்வோம். உங்கள் ஊர் விலையைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள். ஆனால் டீசல் விலை பெட்ரோலுக்கு மேலே இருப்பதுதான் அமெரிக்காவில் வழக்கம். மத்திய அரசின் வரியே பெட்ரோலுக்கு 18.4 சென்ட், டீசலுக்கு 24.4 சென்ட்.

இப்போதைய 13 மைலில் வருடத்துக்கு 769 கேலன், 2,461 டாலர். வி8-ஐ அப்படியே விட்டு, ஓவர்டிரைவ் (அதே வேகத்தில் எஞ்சினை மெதுவாகச் சுற்றவிடும் கடைசி கியர்) உள்ள கியர்பாக்ஸை மட்டும் போட்டு, எஞ்சினை ஒழுங்காக டியூன் செய்து 16 மைல் வந்தால் 625 கேலன், 2,000 டாலர். 6.2 லிட்டர் டீசலும் அதே ஓவர்டிரைவும் சேர்ந்து 20 மைல் வந்தால் 500 கேலன், 1,900 டாலர். கம்மின்ஸ் 4பிடி என்ற நான்கு சிலிண்டர் டீசலை ஏற்றி 23 மைல் வந்தால் 435 கேலன், 1,652 டாலர்.

இரண்டாவது கணக்குக்கும் மூன்றாவது கணக்குக்கும் உள்ள வித்தியாசம் வருடத்துக்கு நூறு டாலர். முழு எஞ்சினைக் கழற்றி மாட்டியதற்கு, ஓவர்டிரைவைத் தாண்டிக் கிடைத்த லாபம் அவ்வளவுதான். 4பிடிக்கே போனாலும் 348 டாலர். 4பிடி வேலை எல்லாம் சேர்த்து 10,000 டாலர், ஓவர்டிரைவ் 2,500 டாலர் என்று வைத்தால், கூடுதலாகப் போட்ட 7,500 திரும்பி வர 21 வருடத்துக்கு மேல் ஆகும். வண்டிக்கு ஏற்கெனவே நாற்பது வயது.

நம் ஊரில் பெட்ரோல் அம்பாசடருக்குள் டீசல் எஞ்சினை இறக்கி ஓட்டியவர்களுக்குக் கணக்கு சரியாக வந்ததே என்று தோன்றலாம். அங்கே காசு மிச்சம் பிடித்துக்கொடுத்ததில் பெரும்பங்கு விலை வித்தியாசத்துடையது. 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாடு நீங்கும் வரை டீசலைக் குறைந்த விலையில் வைத்திருந்தது அரசு. அதோடு டாக்ஸியின் தினசரி ஓட்டமும் சேர்ந்தது. அமெரிக்க பிக்கப்புக்கு இரண்டுமே இல்லை.

சரி, ஓவர்டிரைவுக்கு ஏன் இத்தனை மவுசு? மணிக்கு 65 மைலில், சமதளத்தில், இந்தப் பெட்டி முக வண்டியைக் காற்றைக் கிழித்துத் தள்ள ஏறத்தாழ 40 குதிரைத்திறன் போதும். ஆனால் 29 அங்குல டயர், 3.73 விகிதம், டாப் கியர் 1:1 என்றால் எஞ்சின் நிமிடத்துக்கு 2,800 சுற்றில் கத்திக்கொண்டிருக்கும். பெரிய எஞ்சின், வேகமான சுற்று, சின்ன வேலை. அதனால் காற்றை உள்ளே விடும் த்ராட்டில் தகடு முக்கால்வாசி மூடியே இருக்கும். வாயை மூடிக்கொண்டு ஸ்ட்ராவில் மூச்சிழுக்கிற மாதிரி ஒவ்வொரு பிஸ்டனும் காற்றை இழுக்கவே பெட்ரோலைச் செலவழிக்கிறது. 0.70 ஓவர்டிரைவ் போட்டதும் சுற்று 2,000-க்குக் கீழே இறங்கும், தகடு கூடுதலாகத் திறக்கும், உராய்வும் குறையும். டீசல் இந்த மூச்சுத்திணறலை முற்றிலும் தவிர்க்கிறது, அமுக்க விகிதமும் அதிகம். அதன் லாபம் உண்மையானது. ஆனால் ஒரு கேலன் டீசலில் பெட்ரோலைவிட எட்டில் ஒரு பங்கு அதிக ஆற்றல் இருப்பதையும் மறக்கக்கூடாது. அந்தப் பங்கு மைலேஜ் கூடுதல் எஞ்சின் சாமர்த்தியம் இல்லை, அடர்த்தியான எரிபொருள். அதற்கும் சேர்த்துத்தான் காசு கொடுக்கிறீர்கள்.

ஓவர்டிரைவுக்கு வழக்கமான தேர்வு 1982-இல் வந்த 700ஆர்4. நான்கு கியர்: 3.06, 1.63, 1.00, 0.70. எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடமான பெல் ஹவுசிங் ஒன்றே என்பதால் பழைய வி8-இல் அப்படியே உட்காரும். டர்போ 350 இருந்த வண்டி என்றால் புரொப்பல்லர் ஷாஃப்ட் முனையின் 27 பல் யோக்கும் பொருந்தும். டர்போ 400 இருந்தால் அது 32 பல், வேறு யோக் வேண்டும். கியர்பாக்ஸைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தை ஓரிரண்டு அங்குலம் பின்னே தள்ளித் துளை போட வேண்டும். இதெல்லாம் ஒரு சனி, ஞாயிறு வேலை.

இதில் பாக்ஸைக் கொல்வது ஒரு கேபிள். கார்புரேட்டரிலிருந்து கியர்பாக்ஸுக்கு வரும் டிவி (த்ராட்டில் வால்வ்) கேபிளைப் பலர் வெறும் கிக்-டவுன் கேபிள் என்று நினைத்து ஏனோதானோவென்று மாட்டுகிறார்கள். உள்ளே கிளட்ச் பிளேட்டுகளை அழுத்திப் பிடிக்கும் எண்ணெய் அழுத்தத்தையே அதுதான் ஏற்றி இறக்குகிறது. கார்புரேட்டர் லீவரில் கேபிள் மாட்டும் ஆரம் தவறானால் அழுத்தம் போதாமல் மூன்றாவது, நான்காவது கியரின் பிளேட்டுகள் வழுக்கி, சில நூறு மைலில் கருகிவிடும். ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதிக்கும்போது கேபிளும் சரியாக முழு நீளம் இழுபட வேண்டும். இழுவை கோணத்தைச் சரிசெய்யும் பிராக்கெட் தனியாகக் கிடைக்கிறது, அதில் கஞ்சத்தனம் வேண்டாம். எஞ்சினையும் கியர்பாக்ஸையும் எண்ணெய் வழியாக இணைக்கும் டார்க் கன்வெர்ட்டரை வழுக்காமல் பூட்டும் லாக்-அப்புக்கு வயர் கொடுக்காமல் விட்டாலும் எண்ணெய் சூடேறும், மைலேஜும் போகும்.

டியூனிங்கில் ஒரே ஒரு விஷயம். டிஸ்ட்ரிபியூட்டரின் வேக்கம் அட்வான்ஸ் ஹோஸ் கழன்றோ, யாரோ அடைத்து வைத்தோ இருக்கிறதா என்று பாருங்கள். நெடுஞ்சாலையில் லேசான மிதியில் கலவை மெலிந்து மெதுவாக எரியும். முன்கூட்டியே பற்றவைக்காவிட்டால் சூடு சைலன்சர் வழியாகப் போய்விடும்.

டீசலேதான் வேண்டும் என்பவர்களுக்கு இரண்டு வழி. மலிவானது ஜெனரல் மோட்டார்ஸின் சொந்த 6.2 லிட்டர் வி8 டீசல். 1982 முதல் சி10-இலேயே கம்பெனி போட்டுக் கொடுத்தது, அப்போது 130 குதிரைத்திறன். பெல் ஹவுசிங் அதே ஷெவர்லே அமைப்பு. பழைய 6.2 வண்டி ஒன்றை முழுதாக வாங்கி, மவுண்ட், ரேடியேட்டர், வயரிங், ஃபீட் பம்ப் எல்லாவற்றையும் கழற்றி எடுப்பதுதான் புத்திசாலித்தனம். தனித்தனியாகத் தேடினால் சில்லறைச் சாமான்களே எஞ்சின் விலையைத் தாண்டும்.

வாங்கும் முன் பார்க்க வேண்டியது: பிளாக்கின் மெயின் பேரிங் சுவர்களில் விரிசல். இதன் பரம்பரை வியாதி அது. ஸ்டார்ட்டரின் முன்முனையைப் பிளாக்கோடு பிடிக்கும் சின்னத் தகட்டை முந்தைய மெக்கானிக் தூக்கிப் போட்டிருப்பார். அது இல்லாமல் ஓட்டினால் ஸ்டார்ட்டரின் உதறலில் பிளாக்கின் காதே உடைந்து வரும். பழைய ஹீட்டர் பிளக்குகள் முனை வீங்கி, கழற்றும்போது உள்ளேயே ஒடிந்து நிற்கும். சிலிண்டர்களுக்கு டீசலைப் பீய்ச்சும் ஸ்டேனடைன் பம்பின் ரிட்டன் குழாயில் கறுப்புத் துணுக்குகள் வந்தால், உள்ளிருக்கும் கவர்னர் வளையம் மக்கிவிட்டது என்று பொருள். பம்பை இறக்கியே ஆக வேண்டும்.

இன்னொன்று கம்மின்ஸ் 4பிடி. டாடா லாரிகளில் நாம் பார்த்த 5.9 லிட்டர் ஆறு சிலிண்டர் கம்மின்ஸில் இரண்டு சிலிண்டரைக் கழித்தால் இதுதான்: 3.9 லிட்டர், அதே போர், அதே ஸ்ட்ரோக். அமெரிக்காவில் ரொட்டி, சிப்ஸ் விநியோக வேன்களில் ஓடியது, வழக்கமான ட்யூனில் 105 குதிரைத்திறன். கெட்டி எஞ்சின், ஆனால் 340 கிலோ எடை. பெட்ரோல் வி8-ஐவிட 80 கிலோ கூடுதலாக முன் அச்சில் ஏறும்; காயில் ஸ்பிரிங்கை மாற்றாவிட்டால் வண்டி மூக்குக் குத்தி நிற்கும். பேலன்ஸ் ஷாஃப்ட் கிடையாது. நான்கு பெரிய பிஸ்டன்கள் உதறும் உதறலில் கண்ணாடியில் பின்னால் வரும் வண்டி இரண்டாகத் தெரியும், மவுண்ட் வெல்டிங் விட்டுப்போகும்.

அதைவிட முக்கியம், சுற்று வரம்பு. பல வேன் எஞ்சின்கள் 2,500 சுற்று வாக்கிலேயே கவர்னர் பிடித்துக்கொள்ளும், அதற்கு மேல் சுற்ற விடாது. வேனோடு வந்த ஆட்டோமேட்டிக்கையும் 4.10 அச்சையும் வைத்து ஓட்டினால் மணிக்கு 52 மைலில் முடிந்துவிடும். நெடுஞ்சாலையில் லாரிகள் ஹாரன் அடித்துத் தாண்டும். ஐந்தாவது கியர் 0.73 உள்ள என்வி4500 மேனுவல் பாக்ஸும் 3.73 அச்சும் சேர்ந்தால் 65 மைலுக்கு 2,050 சுற்று, நிம்மதியான இடம். செலவும் அங்கேதான் எகிறும்.

4பிடியைத் தரையில் வைத்திருக்கும்போதே முன்பக்க டைமிங் மூடியைத் திறந்து ஒரு வேலையை முடித்துவிடுங்கள். கியர் கேஸை நிலைப்படுத்தும் எஃகு டவல் பின் ஒன்று அதிர்வில் மெல்ல வெளியே நகர்ந்து கியர்களுக்குள் விழும். விழுந்தால் கியர் பல்லும் கேஸும் நொறுங்கும். பக்கத்து போல்ட்டுக்கு அடியில் ஒரு சின்னத் தகட்டை மாட்டி அந்தப் பின் வெளியே வராமல் மறித்தால் போதும்.

எந்த டீசலானாலும் பட்ஜெட்டில் விட்டுப்போகும் சில சாமான்கள் உண்டு. பிரேக் பூஸ்டர் பெட்ரோல் எஞ்சினின் வேக்கத்தில் இயங்குவது. டீசலில் அது வராது, தனி வேக்கம் பம்ப் வேண்டும், இல்லையென்றால் பிரேக் கல் மாதிரி இருக்கும். டர்போ 350, 400 இரண்டும் கியர் மாற்றுவதற்கும் அதே வேக்கத்தையே நம்பியிருக்கின்றன. டீசல் டேங்குக்குத் திரும்பிப் போக ரிட்டன் லைன் வேண்டும். 6.2-க்கு இரண்டு பேட்டரியும் தடித்த கேபிளும். கடைசியில் பங்குக்குப் போனால் டீசல் நாசில் உங்கள் டேங்க் வாயில் நுழையாது; ஈயமில்லாப் பெட்ரோலுக்காக வைத்த குறுகிய தடுப்பை முன்பே வெட்டி எடுத்திருக்க வேண்டும்.

சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். மாற்றும் எஞ்சின் வண்டியின் அதே வருடத்தையோ அதற்குப் பிந்தியதையோ சேர்ந்த, சான்று பெற்ற அமைப்போடு ஒத்துப்போக வேண்டும் என்பது அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையின் நிலைப்பாடு. கலிஃபோர்னியா இன்னும் கறார், தனி அதிகாரியிடம் காட்டிச் சான்று வாங்க வேண்டும். கம்பெனியே சி10-இல் போட்ட 6.2-க்கு இந்த வழி எளிது. ரொட்டி வேன் எஞ்சினுக்குச் சிரமம்.

கணக்கு எப்போது மாறும்? உங்கள் வி8 ஏற்கெனவே செத்திருந்தால். அதைப் பிரித்து ரீபோர் செய்ய எப்படியும் 3,500 டாலர் போகும் என்றால், டீசல் எஞ்சின் ஏற்றும் செலவிலிருந்து அதைக் கழித்துவிட்டு மீதியை மட்டும் பார்க்க வேண்டும். அல்லது வருடம் 30,000 மைல் ஓட்டினால். அப்போது, ஓவர்டிரைவ் இல்லாத பழைய 13 மைல் நிலையோடு ஒப்பிட்டால், 4பிடி வருடத்துக்கு 2,400 டாலர் மிச்சம் பிடிக்கும், நாலைந்து வருடத்தில் முதல் திரும்பிவிடும். தினமும் டிரெய்லர் இழுப்பவர்களுக்கும் டீசலின் லாபம் கூடும். பழைய வண்டியில் டீசல் சத்தம் கேட்க ஆசை என்றால் அதுவும் சரிதான், அதற்கு எரிபொருள் கணக்கைச் சாட்சிக்கு இழுக்காமல் இருந்தால் போதும்.

எதைச் செய்தாலும் முன்னும் பின்னும் ஒரே மாதிரி அளந்து பாருங்கள். ஒரே பங்கில், நாசில் தானாக நிற்கும்வரை நிரப்பி, மூன்று டேங்க் சராசரி. அச்சு விகிதத்தையோ டயரையோ மாற்றி, ஸ்பீடோமீட்டர் பல்சக்கரத்தை மாற்றாமல் விட்டால் ஓடோமீட்டர் பொய் சொல்லும், 3.73-ஐ 3.08 ஆக்கினால் ஆறில் ஒரு பங்குக்கும் மேலே குறைத்துக் காட்டும். ஜி.பி.எஸ். வைத்துப் பத்து மைல் ஓட்டித் திருத்திக்கொள்ளுங்கள்.

வேன் எஞ்சினைப் பார்க்கப் போவதென்றால், வருவதற்குள் ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று விற்பவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். போனதும் பிளாக்கில் கை வைத்துப் பாருங்கள், குளிர்ந்திருக்க வேண்டும். ஸ்டார்ட் ஆனதும் ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றித் தலைகீழாக அதே வாயில் வையுங்கள். லேசாக ஆடினால் பரவாயில்லை. தூக்கி வீசினால் பிஸ்டன் ரிங் போய்விட்டது, வேறு எஞ்சின் பாருங்கள்.