மனதில் போட்டுக்கொள்ளலாம்

"எதையும் மனதில் போட்டுக்கொள்ளாதே. இல்லையென்றால் இந்த வேலையில் நிலைக்க முடியாது." செவிலியர் பணிக்குப் புதிதாக வருபவர்களிடம் மூத்தவர்கள் சொல்லும் அறிவுரை இது. அக்கறையோடு சொல்வதுதான். ஆனால் நாள்பட்ட நோயாளிகளின் வார்டில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவள் என்ற முறையில், அதை அப்படியே என்னால் ஏற்க முடியவில்லை.

ஆளை உருக்குலைப்பது இரக்கம் அல்ல. அடுத்தவர் வலியை நம்முடையதாக்கிக்கொண்டு அதிலேயே உழல்வதுதான். டானியா சிங்கர், ஓல்கா கிலிமெக்கி ஆகிய ஆய்வாளர்கள் இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்தார்கள். பிறர் துன்பத்தைக் காட்டும் காணொளிகளைப் பார்த்தவர்களில், அந்த வேதனையை உள்வாங்கிக்கொள்ளப் பழகியபோது எதிர்மறை உணர்வு கூடியது. அவர்களே இரக்கத்தைப் பழகியபோது நல்லுணர்வு மீண்டது. மூளையில் இயங்கிய பகுதிகளும் வேறாக இருந்தன. இதைப் படித்தபோது, வார்டில் தினமும் பார்ப்பதை யாரோ எழுதி வைத்ததுபோல் இருந்தது.

புண்ணுக்குக் கட்டு மாற்றுவதையே எடுத்துக்கொள்வோம். பழைய துணி புண்ணோடு ஒட்டியிருக்கும். அவசரப்பட்டு இழுத்தால் புதிதாக முளைத்த தசையும் சேர்ந்து வரும். சலைன் ஊற்றி, அது ஊறும்வரை காத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் மனம் அடுத்த படுக்கைக்கு ஓடிவிடும். அதைத் திரும்ப இங்கே கொண்டுவந்தால்தான் நோயாளியின் கால்விரல்கள் மடங்குவதும், அவர் மூச்சை அடக்கிக்கொள்வதும் கண்ணில் படும். "அம்மா, நிறுத்தச் சொன்னால் உடனே நிறுத்திவிடுகிறேன்" என்று சொன்னதும் தோள்கள் தளரும். வலி முற்றாகப் போய்விடுவதில்லை. ஆனால் எப்போது நிறுத்துவது என்பது இப்போது அவர் கையில். கவனம் இல்லாமல் அந்த விரல்களைப் பார்த்திருக்க முடியாது. இரக்கம் இல்லாவிட்டால், பார்த்தும் கை நின்றிருக்காது.

ஒருவர் தன் வாழ்வைத் தானே எப்படி உணர்கிறார் என்பதைத்தான் உலக சுகாதார நிறுவனம் வாழ்க்கைத் தரம் என்கிறது. நோய் குணமாகாத நிலையிலும் இந்த உணர்வு மாறும் என்பதற்கு எங்கள் வார்டே சாட்சி.

இதே கணக்கு செவிலியருக்கும் பொருந்தும். தன்னிடமே காட்டும் பரிவை ஆராய்ந்த உளவியலாளர் கிறிஸ்டின் நெஃப் 2003-இல் அதற்கு மூன்று கூறுகளைச் சொன்னார்: தன்னிடம் கனிவு, துன்பம் எல்லோருக்கும் பொதுவானது என்ற உணர்வு, கவனத்தோடு இருத்தல். இரவுப் பணியில் ஒரு நோயாளி இறந்த பிறகு, "எனக்கு ஒன்றுமில்லை சிஸ்டர்" என்று சொல்லியபடி அடுத்த ஊசியை எடுக்கும் இளம் செவிலியரிடம் நான் முதலில் தேடுவது இந்தக் கடைசிக் கூறைத்தான். தன் கை நடுங்குவதை அவள் கவனித்திருக்கிறாளா?

கவனத்தோடு இருத்தலைக் கற்றுத்தர ஜான் கபாட்-ஜின் 1979-இல் மருத்துவமனையில் தொடங்கிய பயிற்சி, நாள்பட்ட வலியோடு வாழ்ந்தவர்களுக்குப் பயன்பட்டது. அதில் எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் இரண்டு பேர் செய்ய வேண்டிய வேலையை ஒருவர் தலையில் கட்டிவிட்டு, மூச்சைக் கவனியுங்கள் என்று வகுப்பு எடுப்பது நியாயமில்லை. 2019-இல் உலக சுகாதார நிறுவனம் பணிச்சோர்வைப் பணிச்சூழல் சார்ந்த நிகழ்வாகத்தான் வகைப்படுத்தியது. நிர்வாகங்கள் இதை மறந்துவிடுகின்றன.

நான் கேட்பது சிறியது. ஒரு மரணத்துக்குப் பிறகு, உடன் இருந்த செவிலியர் கொஞ்ச நேரம் உட்கார்ந்து யாரிடமாவது பேச வேண்டும். அதுவரை அவருடைய படுக்கைகளை இன்னொருவர் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த நேரம் யாருடைய தயவாகவும் இல்லாமல், டியூட்டி பட்டியலிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும்.