கோவா அயர்ன்மேன் 70.3 டிரையத்லான் (நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூணும் சேர்ந்த போட்டி) முடிச்சாச்சு மக்களே!

கடல்ல 1.9 கிலோமீட்டர் நீச்சல், அப்புறம் 90 சைக்கிள், அதோட விடாம 21.1 ஓட்டம், எல்லாம் எட்டரை மணி நேரத்துக்குள்ள. 70.3ங்கறது மொத்த தூரம், மைல் கணக்குல.

நீச்சல்குளத்துல பழகுனது மிராமார் பீச்ல பாதிதான் உதவுச்சு, அலைக்கு நடுவுல அப்பப்ப தலைய தூக்கி மிதவை எங்கன்னு பாத்துக்கிட்டே போகணும், இல்லன்னா கோணலா போயி தூரம் கூடிரும். சைக்கிள்லேர்ந்து இறங்குனா கால் ரெண்டும் மரக்கட்டை, இதுக்குத்தான் ஈசிஆர்ல விடியக்காலைல மிதிச்சுட்டு வந்த கையோட ஓடிப் பழகுறது (பிரிக் ஒர்க்அவுட்னு பேரு, செங்கல்லு மாதிரியேதான் கனக்கும்). ஆனா ஆள கொன்னது புழுக்கம்தான், தொப்பிக்குள்ள ஐஸ் போட்டுக்கிட்டுதான் ஓடுனேன்.

எனர்ஜி ஜெல்ல இனிமே கண்ணுல காட்டாதீங்க. அடுத்து ஃபுல் அயர்ன்மேனான்னு வீட்ல கேக்குறாங்க, 226 கிலோமீட்டராம், மொதல்ல மாடிப்படி இறங்கிக்கிறேன்மா!