வியன்னாவில் வீணாய்ப் போன நான்கு டிக்கெட்டுகள்

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அப்புறம். வியன்னாவிலிருந்து வெனிஸ் போக நான்கு பேருக்கு இரண்டு மாதம் முன்பே கட்டியது 148 யூரோ. அதே நாளில், அதே ஊருக்கு, ஸ்டேஷன் கவுண்டரில் நின்று மறுபடி கட்டியது 311 யூரோ. நாங்கள் தூங்கிவிடவில்லை, பிளாட்பாரம் மாறி நிற்கவுமில்லை. டிக்கெட்டில் போட்டிருந்த நேரத்துக்குக் கால்மணி முன்பே ஸ்டேஷனுக்குள் இருந்தோம். வண்டி எங்களுக்கு ஐந்து நிமிடம் முன்னால் கிளம்பிப் போயிருந்தது.

போன வருடம் ஜூன். நான், மனைவி, மகள், அறுபத்தெட்டு வயது அம்மா. பெர்லின், பிராக், வியன்னா, வெனிஸ், ஃப்ளாரன்ஸ், ரோம். ஊர்விட்டு ஊர் போகும் டிக்கெட்டையும் விசா கோப்பில் வைத்தால் நல்லது என்று டிராவல்ஸ்காரர் சொன்னார். ஒவ்வொரு நாட்டு ரயில்வே தளத்திலும் தனித்தனியாகக் கணக்குத் திறக்கச் சோம்பல். எல்லா நாட்டு டிக்கெட்டையும் ஒரே இடத்தில் விற்கும் ஒரு தளத்தில் போய் விழுந்தேன். பெயர் வேண்டாம், இந்த மாதிரித் தளங்கள் நிறைய இருக்கின்றன. விலை ரூபாயிலேயே தெரிகிறது, எழுத்தெல்லாம் ஆங்கிலம், கடைசியில் முழுப் பயணமும் அழகாக ஒரே பிடிஎஃப். சேவைக் கட்டணம் நான்கு பேருக்கும் சேர்த்துச் சில யூரோதான். போகட்டும், இது ஒரு காபி காசு என்று நினைத்தேன்.

அந்த ரூபாய் விலையிலேயே ஒரு ஓட்டை இருப்பதைக் கார்டு ஸ்டேட்மென்ட் வந்த பிறகுதான் பார்த்தேன். யூரோவை அவர்களாகவே ரூபாயாக்கும்போது தங்களுக்கென்று கொஞ்சம் சேர்த்துக்கொள்கிறார்கள். யூரோவிலேயே கட்டுகிறேன் என்று மாற்றிக்கொள்ள மேலே மூலையில் ஒரு சின்னப் பட்டன் இருக்கும். அதை அமுக்கிவிட்டு, வெளிநாட்டுச் செலவுக்குக் குறைவாகப் பிடிக்கும் கார்டில் கட்டுங்கள். சாதாரண கார்டு என்றால் மூன்றரை சதவீதம் வரைக்கும் பிடித்து அதற்கு மேல் ஜிஎஸ்டியும் போடுவார்கள்.

பெர்லின்–பிராக் மட்டும் தப்பித்தது. ஜெர்மனியில் வேலை பார்க்கும் பழைய சக ஊழியர் ஒருவர், "அதைச் செக் ரயில்வே தளத்தில் பாருங்க" என்றார். பார்த்தால் அதே வண்டி, அதே நேரம், விலை கணிசமாகக் குறைவு. விஷயம் என்னவென்றால் எல்லை தாண்டிப் போகும் வண்டியின் டிக்கெட்டை இரண்டு நாட்டு ரயில்வேயும் விற்கின்றன, தள்ளுபடி சீட்டு அவரவரிடம் தனித்தனியாக இருக்கிறது. ஒன்றில் தீர்ந்து போனது இன்னொன்றில் கிடக்கும். நான் வாங்கிய இடைத்தரகர் தளம் இரண்டில் விலை கூடியதை மட்டும்தான் காட்டியது. அப்போதே சுதாரித்திருக்க வேண்டும். ஆனால் ஃப்ளாரன்ஸ்–ரோம் தவிர மற்ற டிக்கெட்டுகளை முதல் வாரமே வாங்கித் தொலைத்துவிட்டேன்.

பெர்லின், பிராக் இரண்டும் நன்றாகப் போயின. இனி வியன்னா.

அந்த ஊர் ஸ்டேஷன் பலகைகளில் வியன்னா என்று இருக்காது, வீன் என்றுதான் இருக்கும். மத்திய ஸ்டேஷனில் எஸ்கலேட்டர் ஏறி மேலே வந்து பெரிய பலகையைப் பார்த்தால் வெனிஸ் வண்டியே இல்லை. என் டிக்கெட்டில் போட்டிருந்த நேரத்துக்கு வேறு ஏதோ ஊர் வண்டி. சரி, பிளாட்பாரம் இன்னும் போடவில்லை போல என்று ஐந்து நிமிடம் நின்றேன். அம்மாவைப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, தகவல் கவுண்டருக்கு ஓடினேன்.

கவுண்டரில் இருந்த பெண்மணி டிக்கெட்டில் இருந்த சதுரக் கட்டத்தை ஸ்கேன் செய்தார், உதட்டைப் பிதுக்கினார். பாதையில் பராமரிப்பு வேலை, அந்த வாரம் முழுக்க இந்த வண்டி 20 நிமிடம் முன்னதாகவே கிளம்புகிறதாம். "மூன்று வாரம் முன்பே உங்களுக்கு மெயில் அனுப்பியிருக்கிறோமே" என்றார். வரவில்லை என்றேன். திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். அனுப்பியிருக்கிறார்கள், உண்மைதான். ஆனால் முகவரி என்னுடையது இல்லை, நான் டிக்கெட் வாங்கிய தளத்தின் முகவரி. ரயில்வே கணக்கில் அந்த டிக்கெட்டை வாங்கியவர் அந்தக் கம்பெனி. நான் வெறும் பயணி.

அங்கேயே நின்று என் மெயிலைத் துழாவினேன். அந்தத் தளத்திலிருந்து 11 மெயில் வந்திருந்தன. ஹோட்டல் தள்ளுபடி, பயணக் காப்பீடு, வெனிஸில் பார்க்க வேண்டிய பத்து இடங்கள், கோடைச் சலுகை. வண்டி நேரம் மாறியதைப் பற்றி ஒரு வரி கிடையாது. ஸ்பாம் பெட்டியிலும் இல்லை. நம்மூர் ஐஆர்சிடிசியை எவ்வளவு திட்டியிருக்கிறேன்! அதில் ஏஜென்ட் மூலம் போட்டாலும் பயணியின் கைபேசி எண்ணைத்தான் கேட்பார்கள், வண்டி ரத்தானால் எஸ்எம்எஸ் நமக்கே வந்துவிடும்.

அந்தப் பெண்மணி மேல் எனக்குக் கோபம் இல்லை. முன்பே தெரிந்திருந்தால் காசில்லாமல் வேறு வண்டிக்கு மாற்றியிருக்கலாம் என்றார், இப்போது வண்டி போய்விட்டது, இது அந்த ஒரே வண்டிக்கான தள்ளுபடி டிக்கெட், பணம் திரும்ப வேண்டுமென்றால் வாங்கிய இடத்தில்தான் கேட்க வேண்டும். மரியாதையாகத்தான் சொன்னார். மூன்று முறை கேட்டேன், மூன்று முறையும் அதே பதில், அதே மரியாதை.

தளத்தின் உதவி எண் என்று எதுவும் இல்லை, சாட் மட்டும்தான். ஒரு ரோபோ வந்து, உங்கள் பயணம் எப்போது என்று கேட்டது. இப்போதுதான் என்று எழுதினேன். பயணம் முடிந்த டிக்கெட்டுகளை மாற்ற இயலாது என்றது. ஸ்டேஷன் வைஃபையில் இந்தக் கூத்து இருபது நிமிடம் நடந்தது. அம்மா விஷயத்தைக் கேட்டுவிட்டு, "பேரே வீண்னு வச்சிருக்கான், காசு வீணாப் போகாம என்ன செய்யும்" என்றார். அந்த நேரத்தில் சிரிப்பு வரவில்லை.

கிரெடிட் கார்டைத் தேய்த்து 311 யூரோ கட்டினேன். நேரடி வண்டி இல்லை, வில்லாக்கில் இறங்கி மாற வேண்டும். முழங்கால் வலிக்காரர் ஒருவர், பெட்டிகள் நான்கு, மாறுவதற்குப் பத்துச் சொச்சம் நிமிடம். எப்படியோ ஏறிவிட்டோம். வெனிஸ் சாந்தா லூச்சியாவில் இறங்கி வெளியே வந்தால் படிக்கட்டுக்குக் கீழே நேராக கால்வாய்த் தண்ணீர், இரவு விளக்கு வெளிச்சம். அதை வாயைப் பிளந்து பார்க்கக்கூட எனக்குத் தெம்பு இல்லை. (இங்கே ஒரு இடைச்செருகல்: மெஸ்த்ரே என்று ஒரு ஸ்டேஷன் முன்னால் வரும். அது தீவில் இல்லை, கரையில் இருக்கிற ஊர். உங்கள் ஹோட்டல் எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொண்டு டிக்கெட் போடுங்கள்.)

ஊர் திரும்பிய பிறகு பணம் கேட்கும் படலம். முதல் மெயிலுக்கு நான்கு நாள் கழித்துப் பதில்: ரயில்வே விதிப்படி இந்த வகை டிக்கெட்டுக்குப் பணம் திரும்பக் கிடையாது. இரண்டாவதுக்கு: ரயில்வேயிடம் கேட்டிருக்கிறோம், பொறுத்திருங்கள். மூன்றாவதுக்குப் பதிலே இல்லை. நல்லவேளையாக வியன்னா கவுண்டரில் ஒரு காரியம் செய்திருந்தேன். வண்டி நேரம் மாறியது, அறிவிப்பு எந்த முகவரிக்கு, எந்தத் தேதியில் போனது என்பதை ஒரு தாளில் எழுதி முத்திரை வைத்துத் தரச் சொல்லிக் கேட்டேன், தந்தார். அந்தத் தாளைப் படமெடுத்து இணைத்து, "உங்களுக்கு வந்த அறிவிப்பை எனக்கு ஏன் அனுப்பவில்லை" என்று இரண்டே வரியில் எழுதிய பிறகுதான் பேச்சு மாறியது. ஆறு வாரம் கழித்து டிக்கெட் பணம் வந்தது. சேவைக் கட்டணம் வரவில்லை. வியன்னாவில் கூடுதலாகக் கட்டியதும் வரவில்லை. வந்த 148 யூரோவும் ரூபாயாகும்போது நான் கட்டியதைவிடக் குறைந்தே வந்தது. போகும்போது ஒரு விலை, வரும்போது ஒரு விலை. எது தவறானாலும் கவுண்டரில் ஒரு தாள் எழுதி வாங்காமல் நகராதீர்கள், அதுதான் நான் சொல்ல வேண்டியதில் பாதி.

இந்தச் சண்டைக்காக ஐரோப்பிய ஒன்றியத்தின் ரயில் பயணிகள் விதியை உட்கார்ந்து படித்தேன். 2021/782 என்று எண், 2023 ஜூன் 7 முதல் நடைமுறையில் இருக்கிறது. போய்ச் சேர 60 நிமிடம் தாமதமானால் டிக்கெட் விலையில் 25 சதவீதம், 120 நிமிடமோ அதற்கு மேலோ ஆனால் 50 சதவீதம். இது நிறையப் பேருக்குத் தெரியும். தெரியாத ஒன்று இருக்கிறது. விற்பவர் தானாகவே இரண்டு தனி டிக்கெட்டைக் கோத்து ஒரே பணமாக வாங்கி விற்றுவிட்டு, இவை தனித்தனி ஒப்பந்தம் என்று முன்கூட்டியே சொல்லாமல் விட்டால், நடுவில் வண்டி தவறும்போது முழுப் பணத்தையும் திருப்பி, அதற்கு மேல் 75 சதவீதமும் தர வேண்டும். அடடா என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். பிறகு அந்தத் தளத்தில் போய்ப் பார்த்தால், பணம் கட்டும் பக்கத்தின் அடியில், சாம்பல் நிறத்தில், எறும்பு சைஸ் எழுத்தில், "இந்தப் பயணம் தனித்தனி டிக்கெட்டுகளால் ஆனது" என்று இருக்கிறது. சொல்லிவிட்டார்கள், முடிந்தது. வியன்னாவிலிருந்து நேராக ஃப்ளாரன்ஸுக்கே ஒரே சொடுக்கில் வாங்கலாமா என்று முதலில் யோசித்தேன், மெஸ்த்ரேயில் மாறுவது போல. வாங்கியிருந்தால் அன்றைக்கு அதுவும் சேர்ந்து போயிருக்கும்.

நேரடியாக வாங்கிய இன்னொரு பயணத்தில் வண்டி 70 நிமிடம் தாமதம். ரயில்வே ஆப்பில் என் கணக்கில் இருந்தே படிவம் போட்டேன், இரண்டு வாரத்தில் 25 சதவீதம் கார்டுக்கு வந்துவிட்டது. யாரிடமும் கெஞ்சவில்லை. வாங்கிய பெயரும் என் பெயர், மெயிலும் என் மெயில்.

அதற்காக ரயில்வே தளத்தில் வாங்குவது தேனும் பாலும் என்று சொல்ல மாட்டேன். ஒரு தளத்தில் என் டெபிட் கார்டு மூன்று முறை திரும்பியது. வெளிநாட்டு ஆன்லைன் செலவு என்கிற சுவிட்சை வங்கி ஆப்பில் போடாமல் விட்டது என் தப்பு. போட்ட பிறகும் நான்கு நிமிடத்துக்குள் ஓடிபி வந்தால் உண்டு, இல்லாவிட்டால் முதலிலிருந்து. அங்கே போன பிறகு வாங்குவதாக இருந்தால் ஓடிபி வரும் இந்திய எண்ணுக்கு ரோமிங் இருக்கட்டும், அங்கத்திய சிம் மட்டும் போட்டுக்கொண்டு திணறியவர்கள் உண்டு. ஊர்ப் பெயரையும் அந்த ஊர்க்காரர் சொல்கிற மாதிரி அடித்துவிடுங்கள். பிராக் என்றால் ப்ராஹா, ஃப்ளாரன்ஸ் என்றால் ஃபிரென்ட்சே.

ஃப்ளாரன்ஸிலிருந்து ரோமுக்கு மெஷினில்தான் எடுத்தேன். பணம் போடும்போது ஒரு ஆள் பக்கத்தில் வந்து உதவட்டுமா என்றார். பலே ஆசாமி. மெஷினே ஜேப்படித் திருடர்கள் ஜாக்கிரதை என்று ஒலிபெருக்கியில் கத்திக்கொண்டிருக்கிறது, அவர் அதற்குப் பக்கத்திலேயே நின்று சிரிக்கிறார்.

இடைத்தரகர் தளமே கூடாது என்றும் இல்லை. ரயில்வே தளம் கார்டை ஏற்கவே மாட்டேன் என்று அடம் பிடித்தால் வேறு வழி இல்லை, வாங்கலாம். வாங்கினால் அன்று இரவே ஒரு வேலை செய்யுங்கள். அவர்கள் தரும் பிடிஎஃப்பில் இரண்டு எண் இருக்கும். பெரிய எழுத்தில் இருப்பது அவர்களுடைய புக்கிங் எண், அது ஸ்டேஷனில் செல்லாக்காசு. கீழே சின்னதாக ரயில்வேயின் எண் இருக்கும். நிறைய ரயில்வே ஆப்களில் அந்த எண்ணையும் குடும்பப் பெயரையும் அடித்தால் டிக்கெட் உள்ளே வந்துவிடும், அதன் பிறகு நேரம் மாறினால் ஆப் உங்களையே கூப்பிடும். குடும்பப் பெயர் என்ற இடத்தில் பாஸ்போர்ட்டில் இருக்கும் அப்பா பெயரைப் போட்டு வாங்கினீர்களா, உங்கள் பெயரைப் போட்டு வாங்கினீர்களா என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அதிலேயே அரைமணி போனது.

மச்சினன் அடுத்த மாதம் குடும்பத்தோடு போகிறான். இந்தக் கதையை இரண்டு தடவை முழுசாகக் கேட்டவன். போன வாரம் போன் செய்து, "டிக்கெட் எல்லாம் போட்டாச்சு மாமா, ஒரே பிடிஎஃப்ல சூப்பரா வந்திருச்சு" என்றான். எந்தத் தளம் என்று நான் கேட்கவில்லை. ரயில்வே ஆப்பை இறக்கி எண்ணை அடித்துப் பார் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "எந்த நம்பர் மாமா, இதில ரெண்டு இருக்கே?"

சின்ன எழுத்தில் இருப்பதைப் போடு என்றேன்.